நாலாவது டேக்

என் வேலை சின்னது.
சிகரெட் எதுவரை எரிந்திருந்தது,
சட்டையில் எத்தனையாவது பொத்தான் திறந்திருந்தது,
ரத்தம் இடது புருவத்திலா வலதிலா,
எழுதி வைத்துக்கொள்வேன்.
ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்ததில் இல்லையென்றால்
திட்டு எனக்கு.

சியாத்துராவில் எடுத்தோம் அந்தப் படத்தை.
மாங்கனீசுத் தூசி அப்பிய பள்ளத்தாக்கு,
மலைக்கு மலை துருப்பிடித்த ரோப் கார்கள்,
முகம் துடைத்தால் துண்டு கறுக்கும்.
கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
போரிலிருந்து ஒருவன் வீடு திரும்புகிறான்.
ஊர் ஒரு கும்பலின் கையில்.
தொண்ணூறு நிமிடத்தில் முப்பத்தொரு பேரைக் கொல்கிறான்.
எண்ணினேன். எண்ணுவதற்குத்தான் சம்பளம்.

நாயகன் தெமூர்.
அவனுக்குப் பதிலாக விழுகிறவன் மால்காஸ்.
ஹெல்மண்டுக்கு இரண்டு முறை போய் வந்தவனாம்,
லைட் பையன்கள் சொன்னார்கள்.
அவன் சொன்னதில்லை.
கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தான்.
மாடிப்படியில் உருண்டான்,
லென்ஸில் தூசி என்றதும் மறுபடி உருண்டான்.
எழுந்ததும் நேரே என்னிடம் வருவான்:
"நெஸ்டான், எந்தக் கை முன்னால் இருந்தது?"
வெடி வைத்த அன்று காதைப் பொத்திக்கொண்டோம் எல்லோரும்.
அவன் அக்ரூட் உடைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

அறுபத்தோராம் காட்சி:
நாயகன் தன் வீட்டுக் கதவை உதைத்துத் திறக்கிறான்.
தெமூருக்கு அன்று காய்ச்சல்.
முதுகுதானே தெரியப்போகிறது, மால்காஸ் போதும்
என்றுவிட்டார் டைரக்டர் கோச்சா.
முதல் டேக்கில் மைக் எட்டிப் பார்த்தது.
இரண்டாவதில் மேகம்.
மூன்றாவதில் எங்கிருந்தோ ஒரு நாய்.

நாலாவதில்
படியேறினான்.
கதவின் முன் நின்றான்.
மிதியடியில் பூட்ஸைத் தேய்த்தான்,
ஒன்றை, பிறகு மற்றதை.
தட்டக் கையை உயர்த்தி
இறக்கிக்கொண்டான்.
ஒட்டுப்பலகையில் காதை வைத்துக் கேட்டான்.
அந்தப் பக்கம் வீடு இல்லை.
இரண்டு மணல் மூட்டை,
தேநீர் குடித்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் எல்குஜா.
குனிந்தான்.
ஜெரேனியத் தொட்டியைத் தூக்கி
அடியில் துழாவினான்.
எதுவும் இல்லை. வைக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை.
தொட்டியைத் திரும்ப வைத்தான்,
அதே பூ அதே திசையைப் பார்க்கும்படி.
அதைப் பார்த்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.
பிறகு படியில் உட்கார்ந்துவிட்டான்.

கட் சொல்ல மறந்து நின்றார் கோச்சா.
சொன்னபோது கத்தினார்:
"வீட்டுக்கு வந்தவன் உள்ளே போகமாட்டானா?"
"மணி என்ன?" என்றான் மால்காஸ்.
"காட்சியிலா? விடிகாலை நாலரை."
"அப்போ பையன் தூங்குவான்."

ஐந்தாவது டேக்கில் உதைத்தான்.
கதவு இரண்டாகப் பிளந்தது. ஓகே.
நோட்டில் எழுதினேன்:
61, டேக் 4, பயன்படாது.

திபிலிசியில் படம் ஓடியபோது
அந்த உதைக்கு விசில் பறந்தது.
என் பக்கத்து இருக்கைப் பெண்
பாப்கார்னைக் கொட்டிக்கொண்டு சிரித்தாள்.
நானும் கைதட்டினேன். நல்ல உதைதான்.

செட்டைப் பிரித்த நாளைச் சொல்லவேண்டும்.
சம்பளம் வாங்கிக்கொண்டு
காலையிலேயே ஸெஸ்டபோனி பஸ்ஸில் போயிருந்தான் மால்காஸ்.
சட்டத்தைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள்.
தொட்டியை நான் தூக்கினேன்.
அடியில் ஒரு சாவி.
பற்கள் தேய்ந்த நிஜச் சாவி,
வளையத்தில் நீலக் கம்பளி நூல்.
ஸாஸா தன் பட்டியலை இரண்டு முறை புரட்டினான்.
"நம்முடையது இல்லை."

கதவு இருந்த இடத்தில் இப்போது பள்ளத்தாக்கு.
ஒரு ரோப் கார் காலியாகக் கடந்து போனது.
சாவியைத் தரையில் வைத்தேன்.
அதன் மேல் தொட்டியை.
பூ எந்தப் பக்கம் பார்த்தது என்று
நோட்டைப் புரட்டிப் பார்த்து
கொஞ்சம் திருப்பினேன்.